செஃப்ட்ரியாக்ஸோன் (கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக்) ஊசி போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பென்னாகரம் பக்கத்திலிருந்து:
போன ஆவணியில் அம்மாவுக்கு டைபாய்டு. ஒரு வாரம் மெடிக்கலில் வாங்கிய மாத்திரையிலேயே ஓட்டிவிட்டோம், அது எங்கள் தப்பு. தர்மபுரியில் சேர்க்கும்போது காய்ச்சல் 103. பிளட் கல்ச்சருக்கு (இரத்தத்தில் என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கும் சோதனை) இரத்தம் எடுத்த பிறகுதான் இந்த ஊசியை ஆரம்பித்தார்கள். தினமும் 2 கிராம், நரம்பு வழியாக, ஒரே வேளை.

நான்கு நாள் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை. ராத்திரி டூட்டி டாக்டரிடம் போய், "மருந்தை மாத்துங்க சார்" என்று அழுதேவிட்டேன். "டைபாய்டுக்குச் சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் விட அஞ்சு நாள்கூட ஆகும்மா. இந்த மருந்துக்குக் கேக்கும்னு கல்ச்சர்ல வந்திருக்கு, பொறுங்க" என்றார். ஆறாம் நாள் விடியற்காலை அம்மா உடம்பெல்லாம் வியர்த்து, எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது, களி கிடைக்குமா?" என்றார். அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். மொத்தம் 14 ஊசி. பாதி மருந்து உடம்பிலிருந்து கழியவே சுமார் 8 மணி நேரம் ஆகுமாம், அதனால்தான் ஒரு வேளை போதுமாம். கையில் வென்ஃப்ளானோடு (மருந்து ஏற்ற நரம்பில் செருகிவைக்கும் சின்னக் குழாய்) காலை பஸ்ஸில் போய்ப் போட்டுக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டும் நேரத்துக்குத் திரும்பிவிடுவோம். மூன்று வேளை ஊசியாக இருந்திருந்தால் பாதியில் விட்டிருப்போம். "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, எதுக்கு இன்னும்?" என்று சித்தப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் நிறுத்தவில்லை.

தேன்கனிக்கோட்டையிலிருந்து:
அக்கா, எங்கள் வீட்டில் நடந்தது வேறு. என் கணவர் காட்டோரம் ஆடு மேய்க்கிறவர். கடுமையான காய்ச்சல், தலைவலி. டைபாய்டாக இருக்கும் என்று இதே ஊசியை மூன்று நாள் போட்டார்கள், அசையவில்லை. அப்புறம் வேறொரு டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். அக்குளில் பீடி நெருப்பு சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. வலியே இல்லாததால் அவருக்கே தெரியவில்லை. ஸ்க்ரப் டைபஸ்! புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. அந்தக் கிருமியை இந்த ஊசி ஒன்றும் செய்யாதாம். டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தார்கள், இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. காட்டுப் பக்கம் போய் வருகிறவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்டோம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
என் மகளுக்கு நிமோனியாவுக்குப் போட்டார்கள், நன்றாகவே குணமானது. ஆனால் பத்தாம் நாள் வயிற்று வலி. ஸ்கேனில் பித்தப்பையில் கல் மாதிரி தெரிந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆபரேஷனா என்று பதறிப்போனோம். இந்த மருந்து பித்தப்பையில் கால்சியத்தோடு சேர்ந்து படியுமாம், நிறுத்தினால் பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடுமாம். ஒன்றரை மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் எதுவும் இல்லை. பென்னாகரம் அக்கா, அம்மாவுக்கு 14 நாள் போட்டிருக்கிறீர்கள். வலது விலா எலும்புக்குக் கீழே வலி என்று சொன்னால் டாக்டரிடம் காட்டுங்கள், இந்த ஊசி போட்டதையும் மறக்காமல் சொல்லுங்கள்.