பதில்: விண்டோபேன் டெஸ்டுக்கு தமிழ்ல என்ன? என் ஓட்டு ‘சவ்வுப் பதம்’

எல்லாருக்கும் வணக்கம்,

ஸ்டாண்ட் மிக்சர்ல (பாத்திரத்துக்குள்ள கொக்கி சுத்தி மாவு பிசையற மெஷின்) பீட்சா மாவு பிசையறதப் பத்தி தமிழ்ல ஒரு சின்ன கையேடு எழுதலாம்னு ஆரம்பிச்சோம், மாவு பிசைஞ்சது போதுமான்னு விரிச்சுப் பாக்குற ‘விண்டோபேன் டெஸ்ட்’டுக்கு தமிழ் தேடி நாலு நாளா அந்த ஒரே ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டு நிக்குது. படிச்சிட்டு பேசாம இருந்துடலாம்னுதான் நெனச்சேன், ஆனா நேத்து ராத்திரி இந்த வரியப் பாத்ததும் முடியல:

> விண்டோபேன் டெஸ்ட் = சன்னல் சோதனை. நேரா புரியுது, இதுக்கு மேல என்ன வேணும்?

நேரா புரியலங்க. மாவுல ஒரு எலுமிச்சம்பழ அளவு கிள்ளி எடுத்து, ரெண்டு கை விரலாலயும் மெதுவா நாலு பக்கமும் விரிச்சு, வெளிச்சத்துக்கு எதிர பிடிச்சுப் பாக்குறோம், கிழியாம மெல்லிசா விரிஞ்சு பின்னாடி இருக்குற விரலோட நிழல் தெரிஞ்சா பிசைஞ்சது போதும்னு அர்த்தம். இங்கிலீஷ்காரன் மனசுல சன்னல்னா கண்ணாடி, வெளிச்சம் ஊடுருவுற கண்ணாடி, அதனால அவன் அப்படி பேர் வச்சான். நமக்கு சன்னல்ங்குற சொல்லே போர்ச்சுகீசியத்துல இருந்து வந்தது, வந்த பிறகும் அது காத்து வர்ற வழியாவும் கம்பியாவும்தான் மனசுல நிக்குது. சன்னல் சோதனைன்னு சொன்னா தாழ்ப்பாள் சரியா விழுதான்னு பாக்குறதுன்னு நெனச்சுக்குவாங்க.

இன்னொருத்தர் ‘சன்னப் பதம்’னு எழுதியிருந்தார், அது பாதி கிணறு தாண்டுன சொல். சன்னம்னா மெல்லிசு, சரி, ஆனா பிசையவே பிசையாத மாவையும் கட்டையால உருட்டி சன்னமாக்கிடலாமே. இங்க நாம பாக்குறது மெல்லிசா இருக்கான்னு இல்ல, மெல்லிசான பிறகும் கிழியாம தாங்குதான்னு. ‘ஏடு’ம் அப்படித்தான், பால் மேல ஏடு படியும், இழுத்தா வராது. ‘சல்லாப் பதம்’னு ஒரு யோசனை வந்துச்சு, சல்லாத்துணி மாதிரி ஊடுருவித் தெரியுறதுக்கு உண்மையிலயே அழகான சொல், ஆனா வாய்விட்டு ஒருதரம் சொல்லிப் பாருங்க, ‘சல்லாபப் பதம்’னுதான் காதுல விழும். மிக்சருக்கு ‘நிலைக்கலவி’ன்னு ஒருத்தர் ஏற்கனவே போட்டு வச்சிருக்கார், அதுல கலவி இதுல சல்லாபம்னு ரெண்டையும் ஒரே பக்கத்துல அச்சடிச்சா அது சமையல் கையேடா இருக்காது.

அதனால என் பக்கம் ‘சவ்வுப் பதம்’. சவ்வுன்னா மெல்லிசு, ஊடுருவித் தெரியும், இழுத்தா விரியும், சட்டுன்னு கிழியாது, நமக்கு வேண்டிய நாலும் அந்த ஒரு சொல்லுக்குள்ள இருக்கு. செல்சவ்வுன்னு பள்ளிப் பாடத்துலயே படிச்சிருக்கோம், அதனால புதுசாவும் தெரியாது.

ஆனா என் வாதம் முதல் பாதியில இல்ல, ரெண்டாவது பாதியிலதான் இருக்கு. ‘சோதனை’ன்னு போட்டா பாஸ் இல்லன்னா ஃபெயில்னு ஆயிடும். ‘பதம்’னா அதுக்குள்ள படி இருக்கு. சர்க்கரைப் பாகுக்கு ஒரு கம்பிப் பதம், ரெண்டு கம்பிப் பதம்னு சொல்றோம் பாருங்க, தெர்மாமீட்டர் இல்லாத காலத்துலயே விரலால அளந்த அளவுகோல் அது, அதே விரல்தான் இங்கயும். பீட்சா மாவுக்கு இந்தப் படி ரொம்ப முக்கியம், ஏன்னா எல்லா மாவுக்கும் முழுச் சவ்வு வேண்டியதில்ல. பிசைஞ்ச ரெண்டு மூணு மணி நேரத்துல சுடப் போறீங்கன்னா கண்ணாடி மாதிரி முழுச் சவ்வு வர்ற வரைக்கும் பிசையலாம். ஃப்ரிட்ஜ்ல 24 மணி நேரமோ 48 மணி நேரமோ வைக்கப் போறீங்கன்னா அரைச் சவ்வு போதும், விரிக்கும்போது ஓரத்துல லேசா கிழிஞ்சாலும் பரவால்ல, மீதி வேலைய நேரமே பாத்துக்கும். ‘சன்னல் சோதனை’ன்னு எழுதுனா இந்த ‘அரை’ய எங்க ஒட்டுவீங்க? அரைச் சன்னலா?

என் மிக்சர்ல நான் பாத்தது இதுதான். 500 கிராம் மாவு, 325 கிராம் தண்ணி, 10 கிராம் உப்பு, 2 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், அதாவது மாவு எடைய 100ன்னு வச்சா தண்ணி 65, உப்பு 2. வேகம் 2ல ஓட விட்டா 4 நிமிஷத்துல கிள்ளி இழுத்தா பொசுக்குன்னு அறுந்துடுது, 8 நிமிஷம் கிட்ட அரைச் சவ்வு, 12 கிட்ட முழுச் சவ்வு. உங்க மாவுக்கும் மெஷினுக்கும் இது மாறும், அதனாலதான் நிமிஷத்த நம்பாம பதத்த நம்பணும்னு சொல்றேன்.

> குளுட்டனுக்கு பசையம் ஓகேவா?

அர்த்தத்துல ஒரு குறையும் இல்ல, லத்தீன்ல குளுட்டன்னாலே பசைதான். இத்தாலியில போலோன்யாவுல பெக்காரின்னு ஒருத்தர் 1728ல கோதுமை மாவு உருண்டைய தண்ணியில கழுவிக் கழுவி, ஸ்டார்ச் எல்லாம் போன பிறகு கையில மிஞ்சுற ரப்பர் மாதிரி பிசின தனியா எடுத்துக் காட்டினார், வீட்லயே யார் வேணா செஞ்சு பாக்கலாம். க்ளுட்டெனின், க்ளையடின்னு ரெண்டு புரதம் தண்ணியோட சேந்து பின்னிக்கிட்டா அதுதான் இது, முதலாவது மாவுக்கு முறுக்கு குடுக்குது, ரெண்டாவது இழுவை குடுக்குது. ஆனா பசையம்னு டைப் பண்ணும்போது ஒரு ‘ச்’ கூட விழுந்தா பச்சையம் ஆயிடும், பீட்சா மாவுல குளோரோஃபில் எப்படி வந்துச்சுன்னு ஒரு வாசகர் கண்டிப்பா கேப்பார். எனக்கு ‘மாப்பிசின்’ பிடிச்சிருக்கு, பெக்காரி கையில மிஞ்சுனது பிசின்தானே. பெரும்பான்மை பசையம்னு சொன்னா சண்டை போட மாட்டேன்.

மிக்சருக்கு வருவோம். மிக்ஸின்னா நமக்கு பிளேடு வச்ச ஜார், அரைக்கிற மெஷின். ‘ஸ்டாண்ட் மிக்சர்’னு மட்டும் போட்டு விட்டா யாராவது ஒருத்தர் மாவ ஜாருல போட்டு பிளேடால சுத்தி மோட்டார புகைய விடுவார் (நான் விட்டிருக்கேன், சிரிக்காதீங்க). ஒருத்தர் சொன்ன ‘பிசைபொறி’ எனக்குப் புரியுது, ஆனா அதே மெஷின்ல கம்பிக் கூடைய மாட்டி முட்டை வெள்ளையும் அடிக்கிறோம், தட்டையான துடுப்ப மாட்டி கேக் மாவும் கலக்குறோம், பிசையறது அதோட ஒரு வேலை மட்டும்தான். ஹோபார்ட் கம்பெனி இஞ்சினியர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் பேக்கரிகளுக்காக யோசிச்ச மெஷின், 1919ல கிச்சன்எய்ட்ங்குற பேர்ல வீட்டு அளவுக்கு சின்னதாகி வந்தப்பவே பல வேலை செய்யற மெஷினாத்தான் வந்துச்சு. அதனால மெஷினுக்கு ஸ்டாண்ட் மிக்சர்னே விட்டுட்டு, மாட்டுற உறுப்புக்கு மட்டும் ‘பிசைகொக்கி’ன்னு வைக்கலாம். சி வடிவக் கொக்கி, சுருள் கொக்கி ரெண்டுக்குமே இது பொருந்தும்.

இதுல ஒரு சொல் மட்டும் பாராட்டணும், பிளானட்டரி ஆக்‌ஷனுக்கு யாரோ ‘கோள்சுழற்சி’ன்னு எழுதியிருந்தீங்க. கொக்கி தன்னைத்தானே ஒரு திசையில சுத்திக்கிட்டே பாத்திரத்த எதிர்த் திசையில வலம் வருது, பூமி தானும் சுத்திக்கிட்டு சூரியனையும் சுத்துற மாதிரி, திசை மட்டும் வேற. இங்க மட்டும் இங்கிலீஷ் உவமைய அப்படியே எடுக்கலாம், ஏன்னா கோள் எல்லாருக்கும் பொதுச் சொத்து, சன்னல் அப்படி இல்ல.

> ஆட்டோலைஸ் = தன்சிதைவு?

ஐயோ வேண்டாம். உயிரியல்ல அது சரி, சமையல்ல படிக்கிறவன் மாவு கெட்டுப்போச்சுன்னு கொட்டிடுவான். ரேமோன் கால்வெல்ங்குற பிரெஞ்சு ரொட்டி ஆசான் 1970கள்ல பரப்புன முறை இது, மாவையும் தண்ணியையும் மட்டும் கலந்து 20, 30 நிமிஷம் சும்மா வச்சிடணும், அதுக்குள்ள பிசின் தானா பின்ன ஆரம்பிச்சிடும், உப்பு பிசின இறுக்கிடும்ங்குறதால உப்ப அப்புறம் போடுவாங்க. மெஷின் ஓடுற நேரமும் இதால குறையுது. ‘மாவூறல்’னு வச்சா போதாதா? ஊறப் போடுறதுதானே செய்யறோம்.

இன்னொரு சொல் யாருமே எடுக்கல, ஆனா மெஷின்ல பிசையறவனுக்கு அதுதான் எமன். கொக்கி மாவோட உரசி உரசி மாவ சூடாக்குது, ‘ஃபிரிக்‌ஷன் ஃபாக்டர்’னு எழுதுறாங்க. நான் ‘உரசல் சூடு’ங்கிறேன். பிசைஞ்சு முடிக்கும்போது மாவு 25 டிகிரி செல்சியஸ்ல நிக்கணும்னு வைங்க, ரூம், காஞ்ச மாவு, தண்ணின்னு மூணு சூடு சேர்றதால 25ஐ மூணால பெருக்குனா 75. அதுல ரூம் சூடு 28, காஞ்ச மாவோட சூடு 28, உரசல் சூடு 12 கழிச்சா மிச்சம் 7. தண்ணி 7 டிகிரில இருக்கணும், அதாவது ஃப்ரிட்ஜ் தண்ணி. அந்த 12 உங்க மெஷினுக்கு வேறயா இருக்கும், ஒருதரம் பிசைஞ்சு முடிச்சதும் மாவுல தெர்மாமீட்டர் குத்தி பின்னோக்கி கணக்குப் போட்டா கிடைச்சிடும். நான் இத தெரிஞ்சுக்காம முதல் ஆறு மாசம் வெதுவெதுப்பான தண்ணிய ஊத்தி 12 நிமிஷம் ஓட்டிட்டு, மாவு ஏன் பளபளன்னு பிசுபிசுத்து கையோட வருதுன்னு ஈஸ்ட்ட திட்டிக்கிட்டு இருந்தேன். சூடேறி முழுச் சவ்வையும் தாண்டிப் போன மாவு அது, அந்த நிலைக்கு ‘சவ்வறுந்த மாவு’ன்னு சொல்லிடலாம், பதத்துல படி இருக்குன்னு சொன்னேன்ல, இது கடைசிப் படி.

பாக்கி ஒண்ணே ஒண்ணு. மாவு கொக்கி மேல ஏறி கழுத்துல போய் உக்காந்துக்குதே, அதுக்கு என்ன பேர்னு கேட்டிருந்தீங்க. எங்க வீட்ல ‘தொத்திக்கிச்சு’ன்னு சொல்லிட்டு, மெஷின நிறுத்தி கரண்டியால தள்ளி விட்டு மறுபடி ஓட விடுறோம். கையேட்டுலயும் அப்படியே போட்டுடுங்க.