9 அடித் தூண்டில் கம்பை மதுரையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவர எந்தப் பை நல்லது?

கேள்வி: சொந்த ஊர் மண்டபம் (பாம்பன் பக்கம்), இப்போது மதுரையில்

அண்ணன்மாரே, வேலை மதுரையில். மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்தால் கடல்தான். சோழகத்தில் (தென்மேற்குக் காற்றடிக்கும் காலம்) வடகடல், வாடையில் (வடகிழக்குக் காற்றடிக்கும் காலம்) தென்கடல் என்று எந்தப் பக்கம் அடங்கிக் கிடக்கிறதோ அங்கே போய் நிற்பேன். கரையிலிருந்து வீச 9 அடிக் கம்பு, வள்ளத்துக்கு (சின்னப் படகு) 7 அடிக் கம்பு. இரண்டும் கார்பன், இரண்டு துண்டாகக் கழலும்.

வாங்கும்போது கொடுத்த துணி உறையில் சுற்றித்தான் பேருந்தில் கொண்டுவருவேன். போன மாதம் யாருடைய அரிசி மூட்டையோ மேலே சரிந்து, தூண்டில் நரம்பு ஓடுகிற நுனி வளையம் நசுங்கி, உள்ளே இருந்த பீங்கான் தெறித்துவிட்டது. அது தெரியாமல் வீசினேன். பாரை மீன் ஒன்று மாட்டி, இரண்டு இழுப்பில் தங்கூஸ் (தூண்டில் நரம்பு) அந்த வளையத்தில் உரசி அறுந்து போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

ரீலோடு சேர்த்து வைக்கிற மெத்தைப் பை வாங்கவா, கெட்டியான குழாய்ப் பெட்டி வாங்கவா? அதையே வீட்டிலும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பாம்பன்

தம்பி, பேருந்து என்றால் குழாய்தான். மெத்தைப் பை சொந்த வண்டியில் போகிறவர்களுக்குச் சரி, மூட்டை விழுந்தால் தாங்காது.

வாங்குமுன் கம்பைக் கழற்றி டேப்பால் அள. 9 அடியில் பாதி நாலரை அடி என்று கணக்குப் போடாதே. இணைப்பில் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற அளவும் சேர்ந்து, நீளமான துண்டு இன்னும் சில அங்குலம் கூட வரும். 5 அடிக் குழாய் வேண்டும். அடுத்து, கைப்பிடியை ஒட்டிய பெரிய வளையத்தின் உயரம். நான் முதலில் 75 மி.மீ. பி.வி.சி. குழாயில் செய்து ஏமாந்தேன், ஒரு கம்புதான் உள்ளே போனது. இப்போது வைத்திருப்பது 110 மி.மீ. அடியில் ஒட்டிய மூடி, மேலே திருகு மூடி, இரண்டு முனையிலும் ரப்பர் செருப்பை வெட்டி வைத்த மெத்தை. இரண்டு கம்பும் போகும். மொத்தம் 2 கிலோ அளவுக்கு வரும். தோளில் மாட்ட ஒரு வார் கட்டிக்கொள். ரீலைக் கழற்றித் துணியில் சுற்றி முதுகுப் பையில் வை.

துண்டுகளைத் தலைமாற்றி வைக்க வேண்டும், ஒன்றின் நுனி மற்றதன் அடிப்பக்கம் வரட்டும். நடுவில் துணி நாடாவால் இரண்டு கட்டு, இறுக்காமல்.

ஆனால் வீட்டில் அந்தக் குழாய்க்குள் வைக்கவே கூடாது. என் முதல் கார்பன் கம்பு பேருந்தில் உடையவில்லை, குழாயில் கிடந்துதான் கெட்டது. ஈரத்தோடு மூடி ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டேன். திறந்தால் மேல்பூச்சு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, வளையத்தின் கால்களில் பச்சை பூத்திருந்தது. நம்ம ஊர்க் காற்றிலேயே உப்பு இருக்கிறது, கடலுக்குப் போகாத நாளிலும் அது வேலை செய்யும். ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு வளையமாகத் துடைத்து, நிழலில் ஒரு ராத்திரி காயவிடு. அப்புறம் துணி உறை போதும்.

பதில்: கீழக்கரை

பாம்பன் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னதுதான் சரி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன். சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் கம்பு வளைந்துவிடும். நான் சுவரில் மூன்று மரக்கட்டை அடித்துப் படுக்கையாக வைத்திருக்கிறேன், துண்டுகளைக் கழற்றித்தான். தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்தால் இணைப்பில் மணல் இருக்கும். துடைத்துவிட்டு மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் இறுகிக்கொள்ளாது.

இன்னொன்று, ரயிலில் வந்தால் பிளாட்பாரத்தில் கம்பின் துண்டுகளை இணைத்துப் பார்க்காதீர்கள் தம்பி. மேலே போகும் மின்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட், கார்பனில் மின்சாரம் பாயும்.

கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணே, நன்றி காக்கா. நீளமான துண்டு 4 அடி 9 அங்குலம் இருக்கிறது. 5 அடிக் குழாய்க்குச் சொல்லிவிட்டேன். நுனி வளையத்தைச் சூடு காட்டிக் கழற்றி அதே அளவில் வேறு ஒட்டியாகிவிட்டது. பழைய குழாயில் மேல்பூச்சு கிளம்பிய கம்பை என்ன செய்தீர்கள் அண்ணே? இன்னும் வீச முடிகிறதா?

பதில்: பாம்பன்

தேய்த்து மறுபூச்சு கொடுத்தேன் தம்பி. வளையங்களை மட்டும் மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது என் மகன் அதில்தான் ஊளி மீன் பிடிக்கிறான்.