ராத்திரியில வண்டியை எங்கே நிறுத்தித் தூங்குறீங்க? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நெடுஞ்சாலை ஓய்விடம்னாலே கார்ல போறவங்களுக்குக் கழிப்பறைதான் ஞாபகம் வரும். முகம் கழுவி, காலை நீட்டி நாலு நடை நடந்துட்டுக் கிளம்பிடுவாங்க. சரக்கு லாரி ஓட்டுற எங்களுக்கு அதுதான் படுக்கை.

பொழுது சாய்ஞ்சா லாரி நிறுத்துற இடமெல்லாம் நிரம்பிடும். அப்புறம் வர்றவங்க உள்ளே நுழையுற பாதையிலயும் வெளியேறுற பாதையிலயும் ஓரம்கட்டிப் படுத்திருப்பாங்க. ஆபத்துன்னு அவங்களுக்கே தெரியும். ஐரோப்பாவுல நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே ஆகணும். அமெரிக்காவுல 11 மணி நேரம் ஓட்டிட்டா, 10 மணி நேரம் ஓய்வெடுக்காம திரும்ப ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனா ஓட்டுற நேரம் முடியுற இடத்துல நிறுத்த இடம் வேணுமே.

அமெரிக்காவுலயே 2009-ல ஜேசன் ரிவன்பர்க்ங்கிற லாரி ஓட்டுநர், சரக்கு இறக்குற இடத்துக்கு முன்கூட்டியே வந்துட்டார். பாதுகாப்பா நிறுத்த வேற இடம் இல்லாம, மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தியிருந்தப்ப கொள்ளையன் சுட்டுக் கொன்னுட்டான். அவர் மனைவி விடாம போராடி, லாரி நிறுத்துமிடங்களுக்காக 2012-ல அவர் பேராலேயே ஒரு சட்டம் வந்தது. ஓர் உயிர் போன பிறகுதான் வந்ததுங்கிறது எனக்கு இன்னும் ஆறலை.

எனக்கு நடந்த நல்லதையும் சொல்றேன். ஒரு ராத்திரி இடம் கிடைக்காம சுத்திட்டிருந்தேன். ஒரு லாரியிலிருந்து பெரியவர் ஒருத்தர் இறங்கி வந்தார். தன் வண்டியை எடுத்து ஓரமா ஒதுக்கிட்டு, பக்கக் கண்ணாடியையும் மடக்கிவிட்டார். டார்ச் அடிச்சு, "வா தம்பி, ரிவர்ஸ்லயே வா, இன்னும் வரலாம்"னு உள்ளே வாங்கினார். ரெண்டு வண்டிக்கும் நடுவுல ஒரு முழம்தான் இருந்திருக்கும். நான் இறங்கி நன்றி சொல்றதுக்குள்ள திரையை இழுத்துவிட்டுப் படுத்துட்டார்.

*

அண்ணா, ராத்திரியில தனியா கார் ஓட்டுற பொண்ணு நான். நான் முதல்ல பார்க்கிறது வெளிச்சத்தை. கழிப்பறை வாசல் தெரியணும், நாலு வண்டியாவது நிக்கணும், எடுத்த எடுப்புல வெளியே போற மாதிரி வண்டி முகம் சாலையைப் பார்க்கணும். மரமும் பெஞ்சுமா அழகா இருக்கிற இடத்துலகூட கழிப்பறையைக் கொண்டுபோய் இருட்டுல பின்பக்கம் கட்டி வச்சிருப்பாங்க. அங்கெல்லாம் தூக்கம் கண்ணைச் சொருகினாலும் அடுத்த இடத்துக்கே போயிடுவேன். கட்டுறவங்க ஒரு தடவை ராத்திரியில வந்து பார்க்கணும்.

அப்படி ஓர் இடத்துல ஒரு அம்மா என் கார் கண்ணாடியை மெதுவாத் தட்டினாங்க. தோள்ல தூங்குற குழந்தை. "கொஞ்சம் கூட வர்றியாம்மா?"ன்னு கேட்டாங்க. நானும் யாராவது வருவாங்களான்னுதான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். குழந்தையை நான் வாங்கிக்கிட்டேன். அப்புறம் எனக்காக அவங்க வாசல்ல நின்னாங்க.

*

அண்ணா, ஜன்னலைத் திறந்துவிடுறது, பாட்டைச் சத்தமா வைக்கிறது, இதெல்லாம் தூக்கத்தை விரட்டாது. 100 கிலோமீட்டர் வேகத்துல நாலு செகண்ட் கண் மூடினா வண்டி 110 மீட்டர் தாண்டியிருக்கும். நான் ஓய்விடத்துல நிறுத்தி, ஒரு காபி குடிச்சிட்டு உடனே சீட்டைச் சாய்ச்சு இருபது நிமிஷம் அலாரம் வச்சுடுவேன். எழுந்திருக்கிற நேரத்துக்குக் காபி வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கும். அதுக்கு மேல தூங்கினா எனக்குத் தலை பாரமா இருக்கும்.

ஒரே ஒரு ஆத்திரம். ஓர் இடத்துல காவலாளி கண்ணாடியைத் தட்டி, "இங்கே தூங்கக் கூடாது, கிளம்புங்க"ன்னார். அவருக்கு மேலிடத்து உத்தரவு, அவரைச் சொல்லிக் குத்தமில்லை. ஓய்விடத்துல ஓய்வெடுக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டவங்களைத்தான் கேட்கணும்.

*

தம்பி சொன்னது நூத்துக்கு நூறு உண்மை, லாரிக்காரங்க எங்களையும் அப்படி எழுப்பி விட்டிருக்காங்க. தங்கச்சி, இனி தயங்காம லாரிங்க நிக்கிற பக்கம் வெளிச்சமா இருந்தா அங்கேயே ஓரமா நிறுத்திட்டு இறங்கிப் போம்மா. ஆனா வேற இடம் காலியா இருக்கிறப்ப லாரிக்குக் கோடு போட்ட இடத்துல குறுக்கே காரை விடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் கேட்டுக்கிறேன். ஒரு கார் நின்னா ஒரு லாரி சாலை ஓரத்துக்குப் போகும். உள்ளே நுழைஞ்சதும் ஹை பீமை இறக்கிடுங்க, கேபின் திரையைத் தாண்டி நேரா முகத்துல அடிக்குது. குளிர்சாதன லாரி பக்கத்துல நின்னா அந்த டிரைவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. சரக்கு கெடாம இருக்க அந்த இயந்திரம் ராத்திரி முழுக்க ஓடியே ஆகணும், அவரும் அந்தச் சத்தத்துலதான் தூங்குறார்.