குட்டிப் பூனைக்குப் பச்சைக் கறி: கணக்கு எங்கே இடிக்கிறது?

சாம்பல்வால்:

"தினமும் எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராம் வாங்கிப் பொடியா வெட்டிப் போடறேன். குட்டி நல்லா சாப்பிடுது, நல்லா ஓடியாடுது. இதுக்கு மேல என்ன வேணும்?" இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நாலைந்து வாரம் கழித்து அதே வீட்டிலிருந்து "குட்டி நொண்டுது, எங்கேயும் விழக்கூட இல்லை" என்று வரும். இரண்டுக்கும் நடுவில் நடந்தது என்னவென்று தெரிந்துகொண்டால் போதும், மற்ற கணக்கெல்லாம் தானே புரியும்.

தோலும் எலும்பும் நீக்கிய கோழித் தொடைக்கறி 100 கிராமில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 185 மில்லிகிராம், கால்சியம் வெறும் 7 முதல் 9 மில்லிகிராம். வளரும் குட்டிக்கு இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக, கால்சியம் கொஞ்சம் தூக்கலாக இருக்கவேண்டும். இங்கேயோ ஒன்றுக்கு இருபது. ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இதயமும் தசையும் தாங்காது. அதனால் உடம்பு பாராதைராய்டு ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கிறது. எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிகிறது.

முதலில் தெரிவது நொண்டல் அல்ல. கட்டிலுக்குத் தாவுகிற குட்டி கட்டிலின் கீழே நின்று மேலே பார்த்துக் கத்தும். தூக்கினால் சிணுங்கும். உட்காரும்போது பின்னங்கால்களை அகட்டி வைக்கும். அப்புறம் மலச்சிக்கல், ஏனென்றால் இடுப்பெலும்பு வளைந்து வழி குறுகிவிடும். இந்தக் கட்டத்தில் எக்ஸ்ரே எடுத்தால் எலும்புக்கும் சதைக்கும் வித்தியாசமே தெரியாத அளவுக்கு மங்கலாக இருக்கும். கறியை நிறுத்திச் சரியான உணவுக்கு மாற்றி, கூண்டில் வைத்துத் தாவவிடாமல் பார்த்துக்கொண்டால் எலும்பு தேறும். ஆனால் வளைந்த இடுப்பு வளைந்ததுதான்.

"நல்லா சாப்பிடுது" என்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. பூனைக்குக் கறி பிடிக்கும், அவ்வளவுதான்.

மூன்றுகுட்டி:

மேலே சொன்னதோடு டாரின் (கறியில் இருக்கும் ஒரு அமினோ அமிலம்) கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூனையின் உடம்பு இதைப் போதிய அளவு தயாரிக்காது. டாரின் குறைந்தால் விழித்திரை கெடும் என்பது 1975-லேயே ஆராய்ச்சியில் வந்துவிட்டது. இதயம் பலூன் மாதிரி விரிந்து தளர்வதற்கும் அதுதான் காரணம் என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 1987-இல் நிரூபித்தார்கள். இது தண்ணீரில் கரைகிற பொருள். கறியை அரைத்து, உறையவைத்து, இளகவைத்து, வடிந்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு டாரினும் வாஷ்பேசினில் போய்விடும். வடிகிற சிவப்புத் தண்ணீர் கிண்ணத்துக்குள்ளேயே போகவேண்டும்.

ஏறக்குறைய 1 கிலோ கலவைக்கு என் அளவு இது:

தோல் உரித்த பிராய்லர் முழுக்கால், எலும்போடு, 350 கிராம். எலும்பில்லாத தொடைக்கறி 430 கிராம். கோழி இதயம் 100 கிராம் (டாரின் அதிகம் உள்ள இடம், கடையில் ஈரலோடு கலந்து தருவார்கள், தனியாகக் கேளுங்கள்). ஈரல் 50 கிராம், ஒரு கிராம்கூட அதிகம் வேண்டாம். முட்டை மஞ்சள் கரு 2. குடிநீர் 100 மில்லி. டாரின் பொடி 1 கிராம். மீன் எண்ணெய் 1 கிராம். வைட்டமின் ஈ 100 யூனிட் (மீன் எண்ணெய் போட்டால் இது கட்டாயம், இல்லாவிட்டால் உடம்புக் கொழுப்பு கெட்டு வலியெடுக்கும்). பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை ஒன்றில் பாதி, பொடித்து.

முட்டையின் பச்சை வெள்ளைக்கருவைத் தவிர்ப்பது பயோட்டினுக்காக. அதில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

முழுக்காலில் எலும்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதனால் மேலே சொன்ன கலவையில் எலும்பு பத்துச் சதவீதத்தை ஒட்டி நிற்கும். எலும்பில்லாத கறியைக் குறைத்து முழுக்காலைக் கூட்டினால் கணக்கு ஏறிவிடும். கழுத்து, இறக்கை இரண்டிலும் எலும்பு இன்னும் அதிகம். வெறும் கழுத்தை அரைத்துப் போடுகிறவர்கள் குட்டிக்கு மலம் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக உதிர்வதைப் பார்த்திருப்பார்கள்.

தராசுச்செட்டி:

நல்ல கணக்கு. ஆனால் இதை "முழுமையான உணவு" என்று சொல்லமாட்டேன். அயோடின் எங்கே?

அயோடின் உப்புப் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். போட்டுப் பாருங்கள். நம் ஊர் உப்பில் வீட்டுக்கு வரும்போது இருக்கவேண்டிய குறைந்தபட்ச அயோடின், கிலோவுக்கு 15 மில்லிகிராம். அப்படியானால் 2 கிராம் உப்பில் 30 மைக்ரோகிராம். வளரும் பூனைக்கான அமெரிக்க அளவுகோல், ஈரம் நீக்கிய உணவு கிலோவுக்கு 1.8 மில்லிகிராம். மேலே சொன்ன 1 கிலோ கலவையில் ஈரம் போக மிஞ்சுவது 250 முதல் 270 கிராம். ஆக வேண்டியது 450 முதல் 490 மைக்ரோகிராம். அதை உப்பாலேயே ஈடுகட்டப் போனால் 30 கிராமுக்கு மேல் உப்பு கொட்டவேண்டும்! ஒரு மாத்திரையில் 150 மைக்ரோகிராம் என்று அச்சிட்டிருக்கும் கெல்ப் கடற்பாசி மாத்திரை 3 போடுங்கள். அளவு அச்சிடாத கெல்ப் பொடி வேண்டாம். அதில் அயோடின் தாறுமாறாக மாறும், அதிகமானால் தைராய்டுக்கும் கேடு.

உப்பு தனியே தேவையே இல்லை. கோழிக்கறியில் உள்ள சோடியமே குட்டிக்குப் போதும்.

செம்பு அடுத்த ஓட்டை. கோழி ஈரலில் செம்பு மிகக் குறைவு, ஆட்டு ஈரலில் பல மடங்கு. 50 கிராமில் பாதியை ஆட்டு ஈரலாக மாற்றினால் ஓரளவு சமாளிக்கலாம். அதற்காக ஆட்டு ஈரலைக் கூட்டிவிடாதீர்கள், அதில் வைட்டமின் ஏ-யும் கோழி ஈரலைவிட அதிகம். கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ தயாரிக்கப் பூனையால் முடியாது, அதனால் ஈரல் வேண்டும். ஆனால் தினமும் ஈரல் மட்டுமே தின்று வளரும் பூனைக்குக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கழுத்து திரும்பாமல் போகும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்யக்கூட முடியாது. ஈரல் விலை குறைவு என்று தெருப்பூனைகளுக்கு ஈரலாகவே போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

துத்தநாகம் விளிம்பில் நிற்கிறது, மாங்கனீசு பற்றாது. வாங்க முடிந்தவர்கள் பச்சைக் கறிக்கென்று விற்கும் பிரீமிக்ஸ் பொடியை (வைட்டமின்களும் தாதுக்களும் முன்கூட்டியே கலந்தது) வாங்கிவிடுங்கள், இந்தத் தலைவலி எல்லாம் தீரும். அதில் எலும்பு அரைத்துப் போடும் கலவைக்கு ஒன்று, எலும்பில்லாத கறிக்கு ஒன்று என்று இரண்டு வகை உண்டு. மாற்றிப் போட்டால் கால்சியம் இரட்டிப்பாகும், அல்லது அறவே இருக்காது. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

கோழிக்கடை வாசல்:

அரைக்கறதைப் பத்தி யாரும் பேசலையே. வீட்டு மிக்ஸியில எலும்பு போடாதீங்க. பிளேடு முனை உடைஞ்சு கறிக்குள்ள போயிடும், ஜாருக்கு அடியில புஷ் தேஞ்சிடும். அப்படியே ஓடினாலும் ஜார் சூடாகி கறி கொழகொழன்னு ஆயிடும், ஆனா எலும்புச் சில்லு அப்படியே நிக்கும். விரலால தேய்ச்சுப் பாருங்க, ஊசி மாதிரி குத்துச்சுன்னா அது குட்டி தொண்டைக்கு ஆகாது. கறி அரைக்கிற மெஷின்தான் வேணும், 4 மில்லிமீட்டர் தட்டு போட்டு ரெண்டு தடவை அரைக்கணும். அரைக்கறதுக்கு முன்னாடி கறி அரைகுறையா உறைஞ்சு இருந்தா சுத்தமா வெட்டும்.

பிராய்லர் 40 நாள் கோழி, எலும்பு இளசு. நாட்டுக்கோழி கால் எலும்பு இறுகிப்போய் இருக்கும், குட்டிக்கு வேண்டாம். வெந்த எலும்பு எந்தக் கோழியா இருந்தாலும் கூடாது, சில்லுசில்லா உடையும்.

கடையில வெட்டுற மரக்கட்டைதான் அழுக்கு இருக்கிற இடம். நாள் பூரா நூறு கோழி அதுமேலதான் வெட்டு வாங்கும். "முழுக்கால் நறுக்க வேண்டாண்ணே, அப்படியே குடுங்க"ன்னு கேளுங்க. காலையில முதல் கோழி உரிக்கும்போது போங்க, சாயங்காலம் கட்டையில கிடக்கிற கறி வேண்டாம். வீட்டுல மஞ்சள், உப்பு போட்டுக் கழுவுற பழக்கத்தை இதுக்கு விட்டுடுங்க. வெங்காயம், பூண்டு பட்ட கத்திகூடக் கூடாது, பூனைக்கு ரத்த அணு உடையும்.

கால்நடை மருந்தகம்:

பச்சையாகக் கொடுப்பதா வேகவைத்துக் கொடுப்பதா என்பதில் என் நிலை வேறு. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012-இலேயே பச்சை இறைச்சி வேண்டாம் என்று கொள்கை வகுத்தது. காரணம் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள். குட்டி நன்றாக இருந்தாலும் மலத்தின் வழியே வீட்டுக்குள் பரப்பும்.

இப்போது அதைவிடப் பெரிய கவலை பறவைக்காய்ச்சல். 2004 அக்டோபரில் தாய்லாந்தின் ஸ்ரீராச்சா உயிரியல் பூங்காவில் பச்சைக் கோழி தின்ற புலிகளிடையே பறவைக்காய்ச்சல் வைரஸான எச்5என்1 பரவி 147 புலிகள் இறந்தன அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. நாக்பூரின் கோரேவாடா வனவிலங்கு மீட்பு மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்ததற்கு இதே வைரஸ் காரணம் என்று 2025 ஜனவரியில் உறுதியானது. அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிலும் கண்டார்கள். ஃப்ரீசரில் வைத்தால் இந்த வைரஸ் சாகாது, சால்மொனெல்லாவும் சாகாது. உறையவைப்பதால் குறைவது டாக்சோபிளாஸ்மா போன்ற ஒட்டுண்ணிகள்தான்.

ஆகவே பறவைக்காய்ச்சல் செய்தி வந்த மாவட்டங்களில் பச்சைக் கோழி அறவே கூடாது. கைக்குழந்தை, கர்ப்பிணி, புற்றுநோய்ச் சிகிச்சை எடுப்பவர் உள்ள வீட்டிலும் கூடாது. பன்றிக்கறி எங்கும் எப்போதும் பச்சையாகக் கூடாது. அதன் வழி வரும் ஆவ்ஜெஸ்கி நோய் பூனையை ஓரிரு நாளில் கொன்றுவிடும்.

வேகவைப்பது ஒன்றும் தோல்வியல்ல. எலும்பில்லாத தொடைக்கறியும் இதயமும் சேர்ந்து 1 கிலோ, ஈரல் 50 கிராம், குறைந்த தண்ணீரில் மூடி வேகவைத்து, அந்தச் சாற்றோடு ஆறவிடுங்கள். கால்சியத்துக்கு முட்டை ஓட்டுப் பொடி 5 கிராம். அதுமட்டும் போட்டால் விகிதம் சரியாகும், ஆனால் வளரும் குட்டிக்குப் பாஸ்பரஸ் குறைந்தபட்ச அளவைத் தொடாது. உணவுத்தரமான டைகால்சியம் பாஸ்பேட், இரண்டு நீர் மூலக்கூறு உள்ள வகை, 4 கிராம் சேர்த்தால் இரண்டும் நிறையும். மாட்டுத்தீவனக் கடை சரக்கை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். டாரினையும் வைட்டமின்களையும் கெல்ப் மாத்திரையையும் மேலே சொன்ன அளவிலேயே, ஆறிய பிறகு கலக்கவும்.

முட்டை ஓடு: 10 நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, வாணலியில் வெறுமனே வறுத்து, மிக்ஸியின் சின்ன ஜாரில் அரைத்து, மெல்லிய துணியில் சலிக்கவும். நறநறவென்று இருந்தால் குட்டி தொடாது. நல்லபடி காய்ந்த ஓடு ஒன்று ஐந்து கிராம் சுமார்.

மூன்றுகுட்டி:

டாக்டர் சொல்வது சரிதான், மறுக்கவில்லை. மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்க்கிறேன். மத்தி, நெத்திலி மாதிரி மீனைப் பச்சையாக தினமும் போடுகிறவர்கள் கடற்கரை ஊர்களில் நிறைய. அவற்றில் உள்ள தயாமினேஸ் நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். முதலில் சாப்பாடு குறையும், பிறகு நடையில் தள்ளாட்டம், தலை தாழ்ந்து மோவாய் நெஞ்சில் ஒட்டும், கண்மணி விரியும், கடைசியில் வலிப்பு. தலை தாழ்ந்தவுடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் பி1 ஊசியில் பெரும்பாலும் மீண்டுவிடும். மீனை வேகவைத்தால் அந்த நொதி அழியும். எப்படியானாலும் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் மீன் வேண்டாம்.

சாம்பல்வால்:

எவ்வளவு, எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தவர்களுக்கு:

இரண்டு மாதக் குட்டி, 800 கிராம் எடை என்றால் நாளுக்கு 100 முதல் 120 கிராம், நாலு வேளையாக. "உடல் எடையில் 3 சதவீதம்" என்பது வளர்ந்த பூனைக் கணக்கு, அதைக் குட்டிக்குப் போட்டுப் பட்டினி போடாதீர்கள். நாலு மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று. வாரம் ஒருமுறை சமையல் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்துக் குட்டியை உட்காரவைத்து எடை எழுதுங்கள். வாரத்துக்கு 100 கிராம் அளவில் ஏறவேண்டும். ஒரு வாரம் ஏறவே இல்லையென்றால் காரணம் தேடுங்கள், பூச்சி மருந்து கொடுத்தீர்களா என்பதிலிருந்து.

உலர் தீவனத்திலிருந்து மாற்ற ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் ஒரு தேக்கரண்டி மட்டும். குளிர்ந்த கறியைக் குட்டி முகர்ந்துவிட்டு மண்ணைத் தள்ளுவதுபோலக் காலால் மூடும். கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உடல்சூட்டுக்குக் கொண்டுவந்தால் அதே கறியைத் தின்னும். மைக்ரோவேவ் கூடாது, எலும்பு வெந்துவிடும். நம் வெயிலில் 20 நிமிடத்துக்கு மேல் தட்டில் விடாதீர்கள், மிச்சத்தை ஃப்ரிட்ஜில் திரும்ப வைக்காதீர்கள்.

ஒரு நாள் அளவாகச் சின்ன டப்பாக்களில் உறையவைத்து, முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கிவிடுங்கள். மேசைமேல் வைத்து இளக்கினால் வெளிப்புறம் கெட்டுப்போன பிறகுதான் உள்ளே இளகும்.

மலத்தைத் தினமும் பாருங்கள். கருத்து, தார் மாதிரி இளகினால் ஈரல் அதிகம். வெளுத்து உதிர்ந்தால் எலும்பு அதிகம், எலும்போடு உள்ள காலில் 100 கிராம் குறைத்து அந்த இடத்தில் சதை சேருங்கள். இரண்டு நாள் மலமே இல்லை, முக்குகிறது என்றால் அளவை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.