பிரேக் மாற்றிய பின் பெடல் கீழிறங்குகிறது: ஆலோசனை தேவை

வணக்கம். என்னிடமுள்ள 1972ஆம் ஆண்டு டாட்சன் 240 இசட் காரின் முன்சக்கரங்களில், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும், இரண்டு பிஸ்டன் கொண்ட பழைய காலிப்பர்களைக் கழற்றிவிட்டு, எண்பதுகளின் டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியின் நான்கு பிஸ்டன் காலிப்பர்களைச் சென்ற மாதம் பொருத்தினேன். டிஸ்க்குகள், பின்பக்க டிரம்கள், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் 7/8 அங்குல மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றை மாற்றவில்லை. அன்றிலிருந்து முதல் மிதியில் பெடல் பாதிக்கும் கீழே போகிறது. உடனே மறுபடி மிதித்தால் கல்லைப் போல நிற்கிறது.

அவசரத்தில் காலிப்பர்களை இடம் வலம் மாற்றிப் பூட்டியதால், ஏர் எடுக்கும் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) நிப்பிள் கீழ்ப்பக்கம் அமைந்து, காற்று மேலே சிக்கிக்கொண்டது என் தவறுதான். அதைத் திருத்தி, ஒரு லிட்டர் புதிய பிரேக் ஆயில் தீரும்வரை ஏர் எடுத்தேன். இப்போது குழாயில் ஒரு குமிழிகூட வருவதில்லை, எங்கும் கசிவும் இல்லை. ஆயினும் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தபடி மிதித்தால் பெடல் இரண்டு விரற்கடை மேலேயே நின்றுவிடுவதால், பின் டிரம்முக்கும் அதன் உட்புறம் உரசும் லைனிங்குக்கும் இடையே இடைவெளி கூடியிருக்குமோ என்று சந்தேகிக்கிறேன்.

15/16 அங்குல சிலிண்டர் போட்டால் ஒரே மிதியில் ஏறத்தாழ 15 சதவீதம் கூடுதலாக ஆயில் தள்ளும். ஆனால் மிதிக்கத் தேவைப்படும் கால் பலமும் அதே அளவு கூடும் என்பதோடு, உண்மையான பழுதை அது மறைத்துவிடுமே என்ற தயக்கமும் இருக்கிறது. இதே காலிப்பர்களை 7/8 சிலிண்டருடன் ஓட்டுபவர்கள், அந்த இடைவெளியைக் குறைக்கும் டிரம் அட்ஜஸ்டரை எவ்வளவு இறுக்கியிருக்கிறீர்கள், உங்கள் பெடல் எவ்வளவு இறங்குகிறது என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். அதுவரை வண்டி கொட்டகையை விட்டு வெளியே வராது.