911 அடித்தால் உங்கள் ஊரில் யார் வருவார்கள்? ஷெரிஃப் அனுபவங்கள்

ஆஷ்பர்ன் வாசி (வர்ஜீனியா)

அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூரிலிருந்து வந்து மூன்றாவது வாரம். அப்பாவுக்கு எங்கே போனாலும் காலை நடை நிற்கக் கூடாது. ஆறு மணிக்கு டபிள்யூ அண்ட் ஓ.டி. என்ற நடைபாதையில் கிளம்பியவர் ஒன்பதாகியும் திரும்பவில்லை. போன் மேசைமேலேயே கிடந்தது. நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் சைக்கிளில் தேடிவிட்டு, கை நடுங்க அவசர உதவி எண் 911 அடித்தேன்.

வாசலில் வந்து நின்ற காரில் ‘ஷெரிஃப்’ என்று எழுதியிருந்தது. இறங்கிய பெண் டெபுட்டி (ஷெரிஃபின் கீழ் வேலை பார்க்கும் காவலர்) முதலில் கேட்டது, காலில் என்ன போட்டிருக்கிறார் என்று. நீல வார் ரப்பர் செருப்பு, நாலு முழ வேட்டி, மேலே என் மகனின் கூடைப்பந்துச் சட்டை. சர்க்கரை உண்டா, ஆங்கிலம் புரியுமா, எந்தப் பக்கம் நடப்பார் என்று கேட்டு ரேடியோவில் சொல்லிக்கொண்டே போனார். அரை மணியில் தகவல் வந்தது. லீஸ்பர்க் போகும் வழியில் ஒரு பெஞ்சில், செருப்பு வார் அறுந்துபோய் உட்கார்ந்திருந்தாராம். "டவுன் எல்லையைத் தாண்டிவிட்டால் அது லீஸ்பர்க் போலீஸின் பகுதி, அவர்களுக்கும் சொல்லி வைத்திருந்தேன்" என்றார் அந்த டெபுட்டி.

அந்த வாக்கியம்தான் என்னை யோசிக்க வைத்தது. இதற்கு முன் நாங்கள் எட்டு வருடம் இருந்த சென்டர்வில், பக்கத்து ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி). அங்கே ரோந்து, திருட்டு, விபத்து எல்லாம் கவுண்டி போலீஸ். ஷெரிஃபும் உண்டு, ஆனால் அவர் பொறுப்பு சிறை, நீதிமன்றக் காவல், சம்மன் கொடுப்பது. நான் அங்கே ஷெரிஃப் ஆட்களைப் பார்த்தது ஒரே தடவை, வேக டிக்கெட்டுக்காகக் கோர்ட்டுக்குப் போய் ஸ்கேனரில் கைப்பையை வைத்தபோது. ஆஷ்பர்ன் இருப்பது லவுடன் கவுண்டியில். இங்கே கவுண்டி போலீஸ் என்று தனியாக ஒன்று கிடையாது. ரோந்து, புலனாய்வு, சிறை, கோர்ட் அத்தனையும் ஷெரிஃப் பொறுப்பு. லீஸ்பர்க், பர்செல்வில், மிடில்பர்க் மட்டும் சொந்தப் போலீஸ் வைத்திருக்கின்றன. ஒரே மாநிலம், ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கவுண்டிகள், ஏற்பாடு மட்டும் வேறு வேறு.

அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இந்தம்மாவுக்கு மேலதிகாரி யாரு, எஸ்.பி.யா?" நாலு வருடத்துக்கு ஒருமுறை ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஷெரிஃப் என்றேன். நம்பவே இல்லை.

உங்கள் ஊர் எப்படி? எழுதுங்கள்.

கேட்டி மாமா (டெக்சஸ்)

எங்கள் முகவரியில் ‘கேட்டி’ என்று இருக்கும், ஆனால் வீடு கேட்டி நகர எல்லைக்குள் இல்லை. ஹாரிஸ் கவுண்டியில் எந்த நகராட்சிக்கும் சேராத பகுதி. கார் கண்ணாடியை உடைத்து லேப்டாப்பை எடுத்துப் போனபோது, நகரப் போலீஸ் நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று, "இது எங்கள் எல்லை இல்லை" என்று கேட்டுத் திரும்பினேன். தப்பு என்னுடையதுதான். கடைசியில் வந்து எழுதிக்கொண்டவர் கான்ஸ்டபிளின் டெபுட்டி.

நம் ஊரில் கான்ஸ்டபிள் என்றால் கீழ்நிலைக் காவலர். இங்கே அவரும் ஓட்டு வாங்கி வருகிற தலைவர். ஹாரிஸ் கவுண்டியில் 8 பகுதிகள், பகுதிக்கு ஒரு கான்ஸ்டபிள், அவருக்குக் கீழே டெபுட்டிகள். ஷெரிஃப் தனி, கவுண்டி சிறையும் அவரிடம். வீட்டுக்காரர் சங்கங்கள் கவுண்டியோடு ஒப்பந்தம் போட்டுக் கூடுதல் ரோந்துக்குப் பணம் கட்டலாம், எங்கள் சங்கம் கட்டுகிறது. பணம் இருக்கிற தெருவுக்குக் கூடுதல் காவலா என்ற கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கூப்பர்டினோ அக்கா (கலிபோர்னியா)

கூப்பர்டினோவுக்குச் சொந்தமாகப் போலீஸ் துறையே கிடையாது. பக்கத்து ஊர்களான சாரடோகா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் மாதிரியே நகராட்சி பணம் கொடுத்து சான்டா கிளாரா கவுண்டி ஷெரிஃபிடம் காவலை ஒப்படைத்திருக்கிறது. இந்த முறைக்கு முன்னோடி 1954-இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் லேக்வுட் நகரம். இன்று அந்தக் கவுண்டியின் 88 நகரங்களில் 42 ஷெரிஃபின் காவலில் இருக்கின்றன.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் மாடிப்படிக்கு எதிர்வீட்டுக் கதவில் ஒருநாள் காலை ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். ஐந்து நாளில் காலி செய்யச் சொல்லும் ஷெரிஃப் அறிவிப்பு. அந்தத் தம்பிக்கு வேலை போய் மூன்று மாதம், எங்களில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கடைசி நாளில் இரண்டு டெபுட்டிகள் வந்தார்கள். பூட்டுக்காரர் பூட்டை மாற்றி முடிக்கும்வரை தணிந்த குரலில் பேசிக்கொண்டு நின்றார்கள். நம் ஊர் அமீனா வேலைதான் அது. கோர்ட் உத்தரவை நிறைவேற்றுவார்கள், அவர்களிடம் அவகாசம் கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டிய இடம் கோர்ட், அதுவும் சம்மன் கையில் கிடைத்த உடனே. நேரில் சம்மன் வாங்கியவர் பதில் போட 2025 ஜனவரியிலிருந்து 10 நீதிமன்ற வேலைநாள் உண்டு, முன்பு 5 தான். அந்தத் தம்பி சம்மன் வந்த உறையைப் பிரிக்கவே இல்லை. தயவுசெய்து பிரித்துவிடுங்கள், தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.

ஹார்ட்ஃபோர்ட் நண்பன்

கனெக்டிகட்டில் ஷெரிஃபே இல்லை. 2000-இல் ஓட்டெடுப்பு நடத்தி அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள். சம்மன் கொடுப்பது ஸ்டேட் மார்ஷல், கோர்ட் காவலுக்கு ஜுடிஷியல் மார்ஷல்.

கேட்டி மாமா

ஒன்று விட்டுப்போயிற்று. சிட்டி போலீஸ் கைது செய்தாலும் ஆள் பெரும்பாலும் கவுண்டி சிறைக்குத்தான் போய்ச் சேருவார். அறைத்தோழன் ஒருவனை இரவு முழுக்கப் போலீஸ் நிலையம் நிலையமாகத் தேடியிருக்கிறேன். முதலில் ஷெரிஃப் இணையதளத்தில் சிறைப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள்.

ஆஷ்பர்ன் வாசி

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் வேலை போன இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசினேன்.

லவுடனில் அடுத்த ஷெரிஃப் தேர்தல் 2027 நவம்பரில். எனக்குப் போன மாதம்தான் குடியுரிமை வந்தது, அதில் முதல் தடவையாக ஓட்டுப் போடுவேன். நேற்று தஞ்சாவூரிலிருந்து அப்பா போனில் கேட்டார், "நிக்கிறது யாரு யாருன்னு விசாரிச்சியா?"