அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை காணோம், பிரிண்டர் இரண்டாகத் தெரிகிறது: ஃபார்மட் பண்ணாமல் சரிசெய்ய முடியுமா?

பள்ளத்தூர் வாசல்:

வணக்கம். வீட்டுக் கணக்கும் ஊர்க்கோயில் புள்ளிவரிக் (குடும்பவாரியாக வாங்கும் வரி) கணக்கும் அப்பச்சி பார்க்கிற டெஸ்க்டாப். அசெம்பிள் பண்ணியது, 10ஆம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11 ஹோம், 24எச்2 பதிப்பு. வைஃபை கார்டு உள்ளே செருகியது. ரவுட்டர் முகப்பில், கம்ப்யூட்டர் உள்ளே தள்ளி இரண்டாங்கட்டில்.

புதன் காலை ஆன் பண்ணியபோது "அப்டேட் நடக்கிறது" என்று ஓடி முடிந்தது. அதிலிருந்து டாஸ்க்பாரில் வைஃபை அடையாளமே இல்லை. டிவைஸ் மேனேஜரில் வைஃபை பெயருக்கு மேல் மஞ்சள் முக்கோணம், உள்ளே "கோட் 10". பழைய டிரைவருக்கு (கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) திரும்புகிற "ரோல்பேக் டிரைவர்" பட்டன் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. யுஎஸ்பி லேசர் பிரிண்டரும் இப்போது இரண்டு பெயரில் தெரிகிறது, ஒன்றில் "காப்பி 1" என்று இருக்கிறது. பிரிண்ட் கொடுத்தால் க்யூவில் போய் நிற்கிறது, தாள் வருவதில்லை. பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றும் இல்லை.

ஃபார்மட் பண்ணிவிட்டு அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்திவிடச் சொல்கிறார்கள். கணக்கு எழுதுகிற டேலி மென்பொருளின் டேட்டா முழுக்க அதில்தான் இருக்கிறது. ஃபார்மட் இல்லாமல் வழி உண்டா?

செக்காலை ரோடு:

ஃபார்மட் வேண்டாம். பண்ணினாலும் தீராது: புதிதாக விண்டோஸ் போட்டு நெட் கிடைத்ததும் அதே டிரைவர் அப்டேட் வழியாகத் திரும்ப வந்து உட்காரும், நீங்கள் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பீர்கள். வைஃபையும் பிரிண்டரும் வேறு வேறு கோளாறு. முதலில் வைஃபை.

தொடங்கும் முன் டேலி டேட்டா போல்டரை ஒரு பென்டிரைவில் காப்பி எடுங்கள். அடுத்து செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் "பாஸ் அப்டேட்ஸ்" கொடுங்கள், 5 வாரம் வரை நிறுத்திவைக்கலாம். நெட் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நெட் வந்த நிமிஷமே அடுத்த டவுன்லோடு ஆரம்பித்துவிடும்.

வைஃபை இல்லாமல் நெட்டுக்கு எங்கே போவது என்றால், ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போனில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் "யுஎஸ்பி டெதரிங்" ஆன் பண்ணுங்கள். அதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, தனியாகப் போட வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் அதை ஈதர்நெட் என்று காட்டும். அந்த ஈதர்நெட் பக்கத்தில் "மீட்டர்டு கனெக்ஷன்" ஆன் பண்ணிவிட்டால் போன் டேட்டாவும் வீணாகாது.

இனி, என்ன மாறியது என்று பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டில் "அப்டேட் ஹிஸ்டரி" திறந்தால் குவாலிட்டி, டிரைவர், டெஃபினிஷன் என்று தனித்தனிப் பிரிவாக இருக்கும். டிரைவர் பிரிவில் புதன்கிழமைத் தேதியில் உங்கள் வைஃபை கார்டின் பெயர் இருந்தால் ஆள் அகப்பட்டார். மாதாந்திர பாதுகாப்பு அப்டேட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் வெளிவரும். அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி, நமக்கு இரவு 10:30 அல்லது 11:30. அதனால்தான் நம் ஊரில் புதன் காலையில் இந்தப் பஞ்சாயத்தெல்லாம் தொடங்குகிறது. கூடவே ஒரு டிரைவரும் இறங்கிவிட்டால் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" பட்டியலில் டிரைவர் வராது, அங்கே போய்த் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

சரிசெய்யும் முறை:

முதலில் மின்சாரத்தை முழுதாக வடியவிடுங்கள். கோட் 10 என்றால் "சாதனம் தொடங்கவில்லை" என்று மட்டும்தான் பொருள், கார்டு செத்துவிட்டது என்று பொருள் இல்லை. ஷட்டவுன் கொடுத்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருப்பதால் விண்டோஸின் உட்பகுதி முழுதாக அணைவதில்லை, பழைய நிலையை டிஸ்கில் எழுதிவைத்து மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளும். மதர்போர்டும் கார்டுக்குச் சிறு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுதாக அணையும். பிறகு எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) பின்னால் உள்ள ஸ்விட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, முன்பக்கப் பவர் பட்டனை 20 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிஷம் கழித்து ஆன் பண்ணுங்கள். சில சமயம் இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டை ரைட் கிளிக், "அப்டேட் டிரைவர்", "பிரவுஸ் மை கம்ப்யூட்டர்", அதன் கீழே "லெட் மீ பிக்". இந்த இடம்தான் முக்கியம். ரோல்பேக் பட்டன் மங்கியிருந்தாலும் பழைய டிரைவர் விண்டோஸின் கிடங்கில் பெரும்பாலும் அழியாமல் இருக்கும். அதே பெயரில் இரண்டு மூன்று வரி தெரியும், தேதியும் பதிப்பு எண்ணும் வேறாக இருக்கும். பழைய தேதியைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் கார்டின் ப்ராப்பர்ட்டீஸில் "டீடெய்ல்ஸ்" தாவல், "ஹார்ட்வேர் ஐடீஸ்" பாருங்கள். தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக், 14சி3 என்றால் மீடியாடெக். கார்டு அல்லது மதர்போர்டு தயாரித்தவரின் தளத்தில் அந்த எண்ணுக்குப் பொருந்துகிற டிரைவரை எடுங்கள். "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கும்" இலவச மென்பொருள் எதையும் தொடாதீர்கள். பெயர் ஒத்துப்போனாலே மாட்டிவிடுகிறவை அவற்றில் உண்டு. அப்புறம் எதை எது மாற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது.

கண்டனூர் மேற்கு:

பிரிண்டருக்கு நான் சொல்றேன். "காப்பி 1" வந்திருக்குன்னா விண்டோஸ் அதைப் புதுசா வந்த இன்னொரு பிரிண்டர்னு நினைச்சு வேற போர்ட் (இணைப்பு வாசல்) கொடுத்திருக்கு. அப்டேட்டால இப்படி ஆகும், கேபிளைப் பிடுங்கி பக்கத்து ஓட்டையில குத்தினாலும் ஆகும். நீங்க பழைய பெயருக்குக் கொடுக்கிறீங்க, அது யுஎஸ்பி001க்குப் போகுது. பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது யுஎஸ்பி002ல. ஆளில்லாத வீட்டு முகப்புல நின்னு கதவைத் தட்டுற மாதிரி.

முதல்ல க்யூவைக் காலி பண்ணுங்க. ஸ்டார்ட்ல "சர்வீசஸ்"னு தேடித் திறந்து "பிரிண்ட் ஸ்பூலர்" (பிரிண்ட் வேலைகளை வரிசையில வைக்கிற சர்வீஸ்) மேல ரைட் கிளிக், ஸ்டாப். அப்புறம் சி டிரைவ்ல விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ்னு வரிசையா உள்ளே போனா ரெண்டு மூணு சின்ன ஃபைல் கிடக்கும். அதை மட்டும் அழிங்க, போல்டரை அழிச்சிடாதீங்க. திரும்பி வந்து ஸ்பூலரை ஸ்டார்ட் பண்ணுங்க.

அடுத்து பழைய பெயரோட "பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்" திறங்க. வெறும் "ப்ராப்பர்ட்டீஸ்" வேற, அதுல போர்ட் வராது. "போர்ட்ஸ்" தாவல்ல யுஎஸ்பி002க்கு டிக் மாத்தி அப்ளை கொடுத்து டெஸ்ட் பேஜ் அடிங்க. வந்துட்டா "காப்பி 1"ஐ ரிமூவ் பண்ணிடலாம். பழைய பெயரையே வச்சுக்கிறது நல்லது, டேலியில அந்தப் பெயரைத்தானே தேர்ந்தெடுத்து வச்சிருப்பாங்க, அப்பச்சிக்குக் குழப்பம் வராது.

"லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்" ஆஃப் பண்ணிடுங்க. அதே பக்கத்துல "விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோடு"ன்னு 24எச்2ல ஒண்ணு இருக்கு. அதை யாராவது தெரியாம ஆன் பண்ணினா தயாரிப்பாளர் டிரைவர்ல ஓடுற பிரிண்டர் எல்லாம் பட்டியல்ல இருந்தே போயிடும். ஆஃப்ல இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக்குங்க.

டிரைவர் செட்டப் ஃபைலைப் பென்டிரைவ்ல பத்திரமா வைங்க. பழைய மாடல் பிரிண்டருக்கு டிரைவர் தேடும்போது 64 பிட்டான்னு பார்த்து எடுக்கணும், விண்டோஸ் 11ல 32 பிட் பதிப்பே கிடையாது.

பள்ளத்தூர் வாசல்:

அண்ணே, ரொம்ப நன்றி. பவரை வடியவிட்டும் கோட் 10 போகவில்லை. "லெட் மீ பிக்" பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு வரி இருந்தது, பழைய தேதியைப் போட்டதும் வைஃபை வந்துவிட்டது. பிரிண்டர் போர்ட் மாற்றியதும் ரசீது அடிக்கிறது. இதே டிரைவர் அடுத்த மாதம் திரும்ப வராமல் இருக்க அப்டேட்டை முழுசாக நிறுத்திவிடலாமா?

செக்காலை ரோடு:

முழுசாக நிறுத்தவே கூடாது. கோயில் கணக்கும் பேங்க் வேலையும் நடக்கிற கம்ப்யூட்டர், பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் நெட்டில் இருக்கக் கூடாது. டிரைவர் வருகிற வாசலை மட்டும் அடைத்தால் போதும்.

"அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்" என்று தேடித் திறந்து, "ஹார்ட்வேர்" தாவலில் "டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்", அதில் "நோ", சேவ். ஹோம் பதிப்பில் கையில் இருக்கிற எளிய வழி இதுதான், ஆனால் இது இரும்புக் கதவு இல்லை. ப்ரோ பதிப்பு என்றால் குரூப் பாலிசியில் விண்டோஸ் அப்டேட் பிரிவில் "அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்காதே" என்ற விதி இருக்கிறது, அது உறுதியானது. "ஆப்ஷனல் அப்டேட்ஸ்" பக்கத்தில் தெரிகிற டிரைவர்களுக்கு டிக் போடாதீர்கள். ஓடுகிற சாதனத்துக்குப் புது டிரைவர் தேவையில்லை. "கெட் தி லேட்டஸ்ட் அப்டேட்ஸ்" என்று தொடங்கும் ஸ்விட்சும் ஆஃபில் இருக்கட்டும்.

மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கு முன்பே பாஸ் போட்டு, அந்தச் செவ்வாய் கழிந்து ஒரு வாரம் ஆனதும் விடுங்கள். புதிதாக வந்ததில் பெரிய குறை இருந்தால் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். விடுகிற அன்று, முதலில் ரெஸ்டோர் பாயின்ட். "கிரியேட் எ ரெஸ்டோர் பாயின்ட்" என்று தேடி, சி டிரைவுக்கு "புரொடெக்ஷன்" ஆன், இடம் 5 சதவீதம், பிறகு "கிரியேட்". உங்களுக்கு ஒன்றும் இல்லாமல் போனது பெரும்பாலும் இது ஆஃபில் இருந்ததால்தான்.

இன்னொன்று. முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்கு நம் வீட்டுச் சுவர்களைத் தாண்டி வைஃபை வருவதே பெரும்பாடு, ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் வராது. பாதி டவுன்லோடில் அறுந்து அறுந்து அப்டேட் நாள் கணக்கில் இழுக்கும். வளவுத் தாழ்வாரத்தின் ஓரமாக ஒரு கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். மதர்போர்டின் லேன் போர்ட்டுக்கு டிரைவர் பெரும்பாலும் விண்டோஸிலேயே இருப்பதால், அடுத்த முறை வைஃபை போனாலும் நெட் இருக்கும். முற்றத்தின் திறந்தவெளியில் குறுக்கே மட்டும் கட்டாதீர்கள், இடி மின்னலுக்கு அது வழி.

தேவகோட்டை ரஸ்தா:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கணும். எங்கள் வீட்டில் 4ஆம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 10. அப்டேட் பக்கத்தில் ஆதரவு முடிந்தது என்கிறது. என்ன செய்வது?

புதுவயல்:

விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் 8ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், உங்களுடையது முறைப்படி ஏறாது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம் கொடுத்தார்கள். பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும், அப்டேட் பக்கத்தில் "என்ரோல் நவ்" வரும். அதோடு சரி, அதற்குப் பிறகு வங்கி வேலையை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பள்ளத்தூர்க்காரருக்கு இரண்டு விஷயம். அப்டேட் விடுகிற நாளைப் பேப்பரில் "நாளை மின்தடை" பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். டவுன்லோடு நடுவில் கரண்ட் போனால் பாதகமில்லை, ரீஸ்டார்ட் ஆகி சதவீதம் ஓடும்போது போனால்தான் ஆபத்து. யுபிஎஸ் 600 விஏ என்றால் ஏறத்தாழ 360 வாட். பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். எல்லாவற்றையும் சேவ் பண்ணிவிட்டு சுவர் ஸ்விட்சை அணைத்து எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்று பாருங்கள். பத்து நிமிஷத்துக்குக் குறைந்தால் பேட்டரி மாற்றியபின் அப்டேட் விடுங்கள். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருகவே கூடாது. உருளை சூடாகும்போது இழுக்கிற மின்சாரத்தில் யுபிஎஸ் விழுந்துவிடும்.

அப்படியும் நடுவில் அணைந்துவிட்டால் மறுபடி ஆன் பண்ணி விட்டுவிடுங்கள். "மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறது" என்று அரை மணி நேரம் ஓடினாலும் கை வைக்காதீர்கள். விண்டோஸ் எழும்பாமலே போனால் இரண்டு மூன்று முறை தோற்றபின் தானாகவே பழுதுபார்க்கும் திரை வரும். அதில் "ட்ரபிள்ஷூட்", "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்", "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்", அங்கே கடைசி குவாலிட்டி அப்டேட்டை (மாதாந்திர அப்டேட்) நீக்கலாம்.

அந்தத் திரை சில கம்ப்யூட்டர்களில் 48 இலக்க பிட்லாக்கர் எண் (டிஸ்க் பூட்டைத் திறக்கும் எண்) கேட்கும். செட்டிங்ஸில் "பிரைவசி அண்டு செக்யூரிட்டி"யில் "டிவைஸ் என்கிரிப்ஷன்" ஆனில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கும், தாளில் எடுத்துப் பத்திரங்களோடு வையுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் டிஸ்கில் இருப்பதை யாராலும் மீட்க முடியாது.

பள்ளத்தூர் வாசல்:

என்கிரிப்ஷன் ஆனில்தான் இருந்தது. எண்ணைத் தாளில் எடுத்து அப்பச்சியிடம் கொடுத்துவிட்டேன். யுபிஎஸ் நாலு நிமிஷம்தான் தாங்குகிறது, பேட்டரி மாற்றும்வரை அப்டேட் பாஸில் இருக்கும்.